முட்டை மேல் எழுதியிருப்பது

1

போன வாரம் தம்பி சலீம் போன் செய்து ஒரு ஸ்டிக்கர் கேட்டான்.

ராயபுரம் கல்மண்டபத்தில் எங்களுக்கு ஒரு முட்டைக் கடை. முப்பது வருடத்துக்கு மேல் அத்தா உட்கார்ந்த கடையில் இப்போது சலீம் உட்கார்ந்திருக்கிறான். இந்த மாதக் கடைசியோடு அத்தா மௌத்தாகி ஒரு வருடம் ஆகிறது. அன்று ஓதுகிற வருஷ ஃபாத்திஹாவுக்கு நான் ஊருக்கு வருவேனா மாட்டேனா என்பதுதான் அம்மாவுக்கு இருக்கிற ஒரே கவலை. சலீம் அதைக் கேட்கத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். சொல்ல வேண்டிய சாக்குகளை மனதுக்குள் ஒருமுறை வரிசைப்படுத்திக்கொண்டு போனை எடுத்தால், அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

தண்டையார்ப்பேட்டைப் பக்கம் புதிதாக எழும்பியிருக்கிற அடுக்குமாடிகளிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். வந்ததும் ஃப்ரீ ரேஞ்ச் முட்டை இருக்கிறதா என்று கேட்கிறார்களாம். இல்லை என்றால் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்களாம்.

"இன்னாண்ணே அது ஃப்ரீ ரேஞ்சு? உங்க ஊரு டப்பால ஒட்டிக்கீறத ஒரு போட்டோ புடிச்சி அனுப்பு. அதே மாரி அடிச்சி ஒட்டிக்கலாம்."

அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். எனக்கு இது பெரிய காரியமே இல்லை. இங்கிலாந்தில் ஒரு முட்டை பேக்கிங் கூடத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் எட்டு மணி நேரம் அந்த டப்பாக்களுக்கு நடுவில்தான் நிற்கிறேன். ஆனால் நான்கு நாள் ஆகியும் அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது. இந்த ஒரு வருடமாக நான் எதையுமே அனுப்புவதில்லை, எங்கேயும் கிளம்புவதில்லை.

2

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு முதலில் இந்த முட்டை விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் உபயோகப்படும். அங்கேயும் டப்பா முட்டை வந்தாயிற்று அல்லவா?

இங்கே ஒவ்வொரு முட்டையின் ஓட்டிலும் சிவப்பு மையில் ஒரு குறியீடு அடித்திருக்கும். அதில் முதல் எண்தான் விஷயம். பூஜ்யம் என்றால் இயற்கைத் தீவனம் தின்று வெளியே திரிய வசதியுள்ள கோழி. ஒன்று என்றால் ஃப்ரீ ரேஞ்ச். கொட்டகையில் அடையும், பகலில் வெளியே போக வழி உண்டு. இரண்டு என்றால் கூண்டு கிடையாது, ஆனால் நாள் முழுக்கக் கொட்டகைக்குள்தான். மூன்று என்றால் கூண்டு. எண்ணுக்குப் பின்னால் நாட்டின் பெயர், அதற்குப் பின்னால் எந்தப் பண்ணை என்கிற அடையாளம்.

டப்பா மேல் இருக்கிற மற்றதையெல்லாம் நம்பாதீர்கள். பச்சைப் புல்வெளி, சூரிய உதயம், தலையில் துணி கட்டிய பெண்மணி கூடையோடு சிரிப்பது, "பண்ணையிலிருந்து புத்தம் புதிதாக" என்கிற வாசகம், எதற்கும் சட்டத்தில் அர்த்தம் கிடையாது. முட்டை பண்ணையிலிருந்து வராமல் பனகல் பார்க்கிலிருந்தா வரும்? கோழிக்கறிப் பாக்கெட்டில் ஹார்மோன் போடாதது என்று எழுதியிருப்பார்கள். இந்த நாட்டில் யாருமே ஹார்மோன் போடக்கூடாது. எல்லாக் கோழிக்கும் பொருந்துகிற ஒன்றை ஒரு கோழிமேல் மட்டும் எழுதி விற்கிறார்கள். கூண்டுக் கோழி என்பதையும் எழுதத்தான் வேண்டும், எழுதியும் இருப்பார்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால் கிடைக்கும். டப்பாவைத் திறந்து முட்டையைப் பார்த்துவிடுவது உத்தமம்.

இவ்வளவு பேசுகிற நானே வந்த புதிதில் ஏமாந்தவன்தான். மனைவி ஷமீமுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்து, அவள் விசாவில் தொற்றிக்கொண்டு நானும் மகளும் வந்து சேர்ந்தோம். முதல் வாரம் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். ஒரு சுவர் முழுக்க முட்டை, அத்தனையும் பழுப்பு நிறம். கல்மண்டபத்துக்காரனுக்குப் பழுப்பு முட்டை என்றால் நாட்டு முட்டை. பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் படுத்து எழுந்தவனுக்கும் இரண்டு, நான்கு என்று வாங்கிப் போகிற பொருள். அங்கேயே நின்று அத்தாவுக்குப் போன் போட்டேன். எல்லாமேவா என்று கேட்டார். எல்லாமே என்றேன்.

அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், என் மகன் இருக்கிற ஊரில் ஏழை எளியதுகூட நாட்டு முட்டைதான் தின்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. செங்குன்றம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கூடையில் கொண்டுவருகிற நாட்டு முட்டையை, வாங்குகிறவர் கண்ணெதிரே ஈரக் கட்டைவிரலால் தேய்த்துக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டு நாட்டு முட்டை என்று விற்கிற ஆட்கள் உண்டு. தேய்த்தால் சாயம் விரலோடு வந்துவிடும்.

பேக்கிங் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு உண்மை தெரிந்துவிட்டது. மூன்றாம் எண் முட்டையும் பழுப்புதான். கோழியின் இனம் அப்படி, அவ்வளவுதான். அத்தாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கல்மண்டபம் முழுக்கப் போய், நான் சொன்னது தப்பு, என் மகனும் கூண்டு முட்டைதான் தின்கிறான் என்று திருத்திவிட்டு வந்திருப்பார். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த மாதம் சொல்லலாம் என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்டேன். அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார்.

3

செய்தி வந்தபோது நான் விளக்கு மேடையில் நின்றிருந்தேன். இருட்டான ஒரு தடுப்புக்குள் முட்டைகள் வெளிச்சத்தின் மேல் உருண்டு போகும். விரிசல் விட்டதை எடுத்துப் போட வேண்டும். அத்தா இதையே முட்டையைக் கை முஷ்டிக்குள் வைத்துக் கடை பல்புக்கு நேரே பிடித்துச் செய்வார். இடைவேளையில் போனைப் பார்த்தால் சலீம் ஒன்பது முறை கூப்பிட்டிருந்தான்.

மேற்பார்வை பார்க்கிற பெண்மணியிடம் போய், "மை ஃபாதர் எக்ஸ்பயர்டு" என்றேன். நம் ஊரில் படித்த இங்கிலீஷ் அப்படித்தான். அவள் திரும்பி பெல்ட்டில் போகிற முட்டையைப் பார்த்தாள். இந்த ஊரில் தேதி தாண்டிய சரக்குக்குத்தான் அந்த வார்த்தை. இன்னொரு தரம் வேறு மாதிரி சொன்னேன். பாவம், பதறிப்போய் என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. கையுறையைக் கழற்றலாமா, வேலை இன்னும் இருக்கிறதா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நிரந்தரமாகத் தங்க நாங்கள் விண்ணப்பம் போட்டிருந்த நேரம் அது. முடிவு வருவதற்குள் நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பத்தை நானே திரும்பப் பெற்றுக்கொண்டதாக ஆகிவிடும். விசா அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். அரை மணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஒருவர் வந்து, மிகவும் வருந்துகிறேன் என்று சொல்லி அதே விதியைப் படித்துக் காட்டினார். போகவில்லை.

அடக்கத்தை வீடியோவில் பார்த்தேன். சலீமின் தோஸ்து ஒருவன் போனைப் பிடித்திருந்தான். சலீம் குனிந்து தன் மூன்று பிடி மண்ணைப் போட்டான். நிமிரவில்லை. "இது அண்ணனோடது" என்று சொல்லி இன்னும் மூன்று பிடி போட்டான். அதற்குள் சிக்னல் போய்விட்டது.

பதினேழாம் நாள் அனுமதி வந்தது. கையில் பிடிக்க ஒரு அட்டைகூடக் கிடையாது, இணையத்தில் ஒரு பக்கம்தான். இனி நான் எப்போது வேண்டுமானாலும் போகலாம், வரலாம் என்று அதில் எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு மூன்று முறை வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். முதல் தடவை நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு. அம்மா என் மெத்தையைப் பிரித்துப் பஞ்சடித்துத் தைத்து வைத்தாள். ஷிஃப்ட் மாற்ற ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது தடவை பெருநாளைக்கு. தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். மகளுக்குப் பரீட்சை என்றேன். மூன்றாவது தடவை பள்ளிக்கூடக் கோடை விடுமுறையில். எனக்கு எந்த நாள் டிக்கெட் என்று சொன்னேனோ அந்த நாள் காலையிலிருந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாளாம். நான் டிக்கெட்டே எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்று சொல்லவும் இல்லை. சாயங்காலம் சலீம்தான் கூப்பிட்டுத் தெரிந்துகொண்டு, அம்மாவை உள்ளே அழைத்துப் போனான்.

சாக்குகளில் எதுவும் பொய்யில்லை. ஷிஃப்டும் உண்டு, பரீட்சையும் உண்டு. ஆனால் அவை போகாததற்குக் காரணமும் இல்லை. போகப் பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரே இடத்தில் உட்கார்ந்து கால் மரத்துப் போயிருக்கும், ஊன்றினால் வலிக்கும் என்று தெரியும், அதனால் ஊன்றாமலே உட்கார்ந்திருப்போம் இல்லையா, அப்படித்தான் இருக்கிறேன்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை ஆம்லெட் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் ஆயிஷாவுக்குப் பதினாலு வயது. பள்ளியில் உணவுப் பொருள்களில் ஒட்டுகிற லேபிள்களைப் பற்றிப் பாடம் நடக்கிறது. வீட்டுக்கு வருகிற எல்லாப் பாக்கெட்டையும் புரட்டிப் புரட்டிப் படிக்கிறாள். கறி வாங்கி வந்தால், மயக்கம் கொடுத்து அறுத்ததா கொடுக்காமல் அறுத்ததா, ஏன் அதை எழுதவில்லை என்று கேட்கிறாள். அத்தனையும் இங்கிலீஷில்தான். தமிழில் நான் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும்.

அன்றைக்கு எதற்கோ தமிழிலேயே கேட்டாள். "தாத்தா எந்த நம்பர் முட்டை வித்தாரு?"

அங்கே முட்டையில் எண் கிடையாது என்றேன். இருந்திருந்தால் என்ன என்றாள். மூன்று என்றேன். நாமக்கல்லிலிருந்து லாரியில் வருகிற முட்டை வேறென்னவாக இருக்கும்? தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். என் அத்தாவை ஏதோ கேடி மாதிரி நினைக்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. ஒரு வருடத்தில் சுருக்கென்று தைத்த முதல் விஷயம் அதுதான். கட்டைவிரலைத் தண்ணீரில் நனைத்து, டப்பாவிலிருந்து ஒரு முட்டையை எடுத்துத் தேய்த்துக் காட்டி, உன் தாத்தா இப்படித்தான் விற்பார் என்றேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, நாம் எப்போது ஊருக்குப் போகிறோம் என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"பார்க்கலாம்" என்றேன்.

"பார்க்கலாம்னா இல்லைன்னு அர்த்தம்" என்று தமிழில் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். ஷமீம் நைட் டியூட்டி முடிந்து வந்து சோபாவில் சாய்ந்திருந்தாள். கண்ணைத் திறக்காமல், அவள் சொன்னதில் என்ன தப்பு என்று மட்டும் கேட்டாள். நான் அடுப்பை அணைத்தேன்.

5

மறுநாள் லாரிக்கு ஆள் குறைகிறது என்று சொல்லி என்னைப் பண்ணைக்கு அனுப்பினார்கள். இத்தனை வருடத்தில் அந்தக் கோழிகளை நான் நேரில் பார்த்ததில்லை. எங்கள் கூடத்துக்கு வருகிற ஒன்றாம் எண் முட்டையில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

பறவைக் காய்ச்சல் பயத்தில் கோழிகளை வெளியே விடக் கூடாது என்று அரசாங்கம் சில மாதமாக உத்தரவு போட்டிருந்தது. அந்தக் காலம் முழுக்க முட்டையில் ஒன்றாம் எண்தான் அடித்தோம், டப்பாவில் ஃப்ரீ ரேஞ்ச் என்றுதான் போட்டோம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. உத்தரவு இருக்கும்வரை கோழி உள்ளேயே இருந்தாலும் பெயர் மாறாது. நான் போன அன்றுதான் உத்தரவு நீங்கி முதல் தடவையாகத் திறக்கப் போகிறார்கள்.

கொட்டகைச் சுவரின் அடியில் வரிசையாகச் சின்னக் கதவுகள். பண்ணையில் வேலை செய்கிற வயதான பெண்மணி ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டுக்கொண்டே போனாள். வெளியே நல்ல வெயில், முழங்காலுக்குப் புல். கோழிகள் கதவு வரைக்கும் வந்தன. கழுத்தை நீட்டிப் பார்த்தன. அங்கேயே நின்றுகொண்டன. பின்னால் வருவது முன்னால் நிற்பதை இடித்தது, அப்போதும் நகரவில்லை. நான்கைந்து மட்டும் குதித்து இறங்கிப் புல்லைக் கொத்தின. நான் ஒரு மணி நேரம் முட்டை அட்டைகளை லாரியில் ஏற்றினேன். முடித்துவிட்டுப் பார்த்தபோதும் மற்றதெல்லாம் வாசலில்தான் நின்றிருந்தன.

அந்தம்மாவிடம் கேட்டேன். பழகிவிட்டது, சிலது இரண்டு மூன்று நாளில் இறங்கும், சிலது கடைசிவரை இறங்காது என்றாள். அப்படி இறங்காத கோழியின் முட்டைக்கும் ஒன்றாம் எண்தானா என்றேன். ஆமாம், போக வழி இருக்க வேண்டும் என்பதுதான் விதி, போக வேண்டும் என்று விதி இல்லை என்றாள். லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அன்று சாயங்காலமே சலீமைக் கூப்பிட்டேன். கடை மூடுகிற நேரம், பின்னால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளின் சத்தம். பூஜ்யத்திலிருந்து மூன்று வரை விளக்கினேன். நம் சரக்கில் அந்த ஸ்டிக்கரை ஒட்டினால் அது தேயிலைச் சாயம் போட்ட மாதிரிதான் என்றேன். பண்ணையில் பார்த்ததைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, அவன் கேட்கவே இல்லை.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, வெளியே போகாவிட்டாலும் அதற்கு அதே பெயர்தானா என்று கேட்டான். ஆமாம் என்றேன். கதவு திறந்திருந்தால் போதுமா என்றான். போதும் என்றேன்.

"உனுக்கும் ஒரு வருசமா தொறந்துதாண்ணே கீது."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் யாருக்கோ அரை அட்டை முட்டை எண்ணிக்கொண்டே சொன்னான். பிறகு அவனே, ஸ்டிக்கர் வேண்டாம், கேட்கிறவர்களுக்கு நாமக்கல் முட்டை என்றே சொல்லிக்கொள்கிறேன், வாங்கினால் வாங்கட்டும் என்றான். வைத்துவிட்டான்.

நான் காரை விட்டு இறங்கவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டுதான் பேசிக்கொண்டிருந்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மூக்கு ஒழுகி, சட்டையெல்லாம் நனைந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். ரொம்ப நேரமில்லை. முடிந்ததும் மறுபடி பழைய மாதிரியே ஆகிவிட்டது.

6

மறுநாள் லீவு கேட்கப் போனேன். கம்ப்யூட்டரில் ஒரு படிவம், அதில் காரணத்துக்கு ஒரு கட்டம். துக்க விடுப்பு என்று ஒன்று இருக்கிறது, அதைத் தொட்டேன். இறந்த தேதி கேட்டது, போட்டேன். காலம் கடந்துவிட்டது, ஏற்க முடியாது என்று சிவப்பில் வந்தது. மேற்பார்வைப் பெண்மணியைக் கேட்டேன். என்னைக் கட்டிக்கொண்டவள்தான். சுற்றுலா விடுமுறை என்று போட்டுவிடு, நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், யாரும் படிக்க மாட்டார்கள் என்றாள். அப்படியே போட்டேன். இரண்டு வாரம் கிடைத்தது.

அங்கேயே நின்று போனில் டிக்கெட் எடுத்தேன். வீட்டுக்குப் போனால் மனது மாறிவிடும் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். ஷமீமுக்கு அனுப்பினேன். ஆஸ்பத்திரியில் அவளுக்கு லீவு கிடைக்காது, மகளுக்குப் பள்ளிக்கூடம், அதனால் என் ஒருவனுக்குத்தான் எடுத்தேன். சந்தோஷம் என்றோ அப்பாடா என்றோ அவள் எழுதவில்லை. பாஸ்போர்ட் பீரோவில் இரண்டாவது தட்டில் இருக்கிறது என்று மட்டும் எழுதியிருந்தாள். ஆயிஷாவிடம் டிக்கெட்டைக் காட்டினேன். வாங்கி, தேதி, பெயர், இருக்கை எண் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுதுவிட்டுச் சலீம் சாப்பிட வீட்டுக்கு வந்திருக்கிற நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். ஃபாத்திஹாவுக்கு இரண்டு நாள் முன்னால் வந்து இறங்குகிறேன் என்றேன். எந்த ஃப்ளைட், எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டான். டிக்கெட்டை அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். பார்த்தான் என்று போனில் இரண்டு கோடு நீலமாயிற்று. ஏர்போர்ட்டுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றான். இவ்வளவும் கடைக்குச் சரக்கு பேசுகிற குரலில்தான் பேசினான்.

அம்மாவிடம் போனைக் கொடு, நானே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வாணாண்ணே" என்றான். எழுந்து வாசல் பக்கம் நடந்து வருவது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நீ வூட்டாண்ட வந்து நில்லு. அப்பால நா சொல்லிக்கிறேன்."

சரி என்றேன்.

உள்ளேயிருந்து, யாருடா போன்ல என்று அம்மா கேட்டது எனக்கே கேட்டது. ஒரு வருடத்தில் குரல் மெலிந்திருந்தது.

"லோடு வண்டிக்காரன்மா" என்றான் சலீம். "வரேன்றான். வந்தாதான் தெரியும்."